நாற்பத்தோராம் கிலோமீட்டரில் தொங்கும் குழாய்

அந்த அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் ஒரு டால்பின் துள்ளிக்கொண்டிருந்தது. கடலடியில் கிடக்கும் எரிவாயுக் குழாயின் ஆயுளைப் பற்றிச் சொல்ல வந்த அறிக்கைக்கு டால்பின் எதற்கு என்று யோசித்துப் பார்த்தாள் விரிசல். இரண்டுக்கும் பொதுவாக உப்புத் தண்ணீர் ஒன்றுதான் இருந்தது.

'விரிசல்' என்பது கம்பெனி அவளுக்கு வைத்த பெயர். இருபத்து நான்கு வருஷமாகக் குழாய்களின் உடல்நிலையைக் கணிக்கும் பிரிவில் இருக்கிறாள். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு, "அது சரி, விரிசல் வந்தா?" என்று ஒரு கேள்வி கேட்பாள். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. பதிலுக்கு அவளும் ஊருக்கெல்லாம் பெயர் வைத்துக் கணக்கைச் சமன் செய்திருந்தாள். இயக்குநர் இங்கே வருவதற்கு முன் ஒரு பிஸ்கட் கம்பெனியில் விற்பனை பார்த்தவர். அதனால் அவர் பிஸ்கட். வெளியிலிருந்து வந்து இந்த டால்பின் அறிக்கையை எழுதிய ஆலோசகர் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், அவர் கோட்டு. துறைமுகத்தில் கடலடி ரோபோ ஓட்டுகிறவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் எதிரே இருப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும், அவர் ஆமை.

குழாய் கடலுக்குள் இறங்கி இருபத்தேழு வருஷம் ஆகிறது. வடிவமைத்தவர்கள் அதற்குக் கொடுத்த ஆயுள் இருபத்தைந்து. இரண்டு வருஷம் கூடுதலாக ஓடிவிட்டதை உரிமம் கொடுக்கிற துறை இப்போதுதான் கண்டுபிடித்து, 'இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், யார் பொறுப்பு' என்று கேட்டு எழுதியிருந்தது. பிஸ்கட்டுக்குப் பதினைந்து வருஷம் தேவைப்பட்டது. கோட்டு சரியாகப் பதினைந்தே கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். தையற்காரர்கூட அளவெடுத்து இவ்வளவு கச்சிதமாகத் தைக்க மாட்டார்.

கூட்டம் பத்து மணிக்கு. நீள மேஜை, குளிரூட்டியின் இரைச்சல், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கோட்டு ஒரு மணி நேரம் பேசினார். படங்கள் அழகாக இருந்தன. பச்சை நிறம் நிறைய. கடைசியில் பிஸ்கட் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க கையெழுத்து போட்டா அனுப்பிடலாம்."

"எண்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு சந்தேகம் சார்," என்றாள். "கடலடியில தண்ணி வெப்பம் நாலு டிகிரின்னு போட்டிருக்கு."

கோட்டு கண்ணாடியைச் சரிசெய்தார். "ஆமா. அதுல என்ன?"

"நம்ம கடல்ல நாலு டிகிரின்னா மீனெல்லாம் ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்கணும். எந்த ஊர்க் குளிர் கடலுக்கு எழுதின அறிக்கை இது? அந்தக் குழாயோட பேரை மட்டும் அடிச்சிட்டு நம்ம பேரைப் போட்டீங்களா?"

யாரோ இருமினார்கள். கோட்டின் முகம் அவருடைய சிவப்புக் கழுத்துப்பட்டையின் நிறத்துக்கு வந்தது.

"தட்டச்சுப் பிழை மேடம். நாளைக்கே திருத்திடலாம்."

மறுநாளே திருத்தப்பட்ட அறிக்கை வந்துவிட்டது. நாலு டிகிரி இருபத்தாறு ஆகியிருந்தது. நீரோட்டத்தின் வேகமும் நம் கடலுக்கு உரியதாக மாறியிருந்தது. ஆயுள் மட்டும் பதினைந்து வருஷத்திலிருந்து ஒரு மாதம்கூட அசையவில்லை. ஜாதகத்தில் பிறந்த தேதியை மாற்றினாலும் பலன் மாறாத ஜோசியரை அன்றுதான் பார்த்தாள்.

அவளுக்கு உண்மையான உறுத்தல் வேறு இடத்தில் இருந்தது. கடலடி ஒரே சமதளம் அல்ல. நீரோட்டம் மணலை அரித்துக்கொண்டு போகும்போது குழாயின் அடியில் பள்ளம் விழும். இரண்டு மேடுகளுக்கு நடுவே குழாய் தாங்கலில்லாமல் தொங்கும். தொங்குகிற இடத்தில் ஓட்டம் வேகமாக வந்தால் குழாய் கம்பிபோல அதிரும். ஒவ்வொரு அதிர்வும் அதன் ஆயுளில் ஒரு துளியைத் தின்னும். தொங்கல் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆபத்து. கோட்டு என்ன செய்திருந்தார் என்றால், குழாய் முழுவதிலும் இருந்த எல்லாத் தொங்கல்களையும் கூட்டி, வகுத்து, சராசரி பதினோரு மீட்டர் என்று எடுத்துக்கொண்டார். குழாய் சராசரியில் உடைவதில்லை. ஒரே ஓர் இடத்தில்தான் உடைகிறது.

அந்த ஓர் இடம் நாற்பத்தோராம் கிலோமீட்டர் என்று அவளுக்குத் தெரியும். பழைய அளவெடுப்பில் அங்கே பத்தொன்பது மீட்டர் தொங்கல் பதிவாகியிருந்தது. அதன் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை. பிஸ்கட்டின் அறைக்குப் போய், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரு கப்பல் அனுப்பச் சொல்லிக் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் உடையலையே மேடம்," என்றார் பிஸ்கட்.

"நேத்து வரைக்கும் நானும் சாகலை சார். அதனால எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம்னு எழுதித் தருவீங்களா?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான். கப்பல் எல்லாம் இந்த வருஷம் கிடையாது. கையெழுத்துக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம்."

மதியம் அவள் சாப்பிடக் கணவரின் பட்டறைக்குப் போனாள். அவர் பல்செட் செய்கிறவர். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடையின் மாடியில், பிளாஸ்டர் தூசி படிந்த ஒற்றை அறை. வரிசையாக யாருடைய வாய்களோ அலமாரியில் இளித்துக்கொண்டிருந்தன. அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பிஸ்கட்டையும் கோட்டையும் அரைமணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டாள். அவர் ஒரு பல்செட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளும் கம்பிக் கொக்கி அதில் ஒடிந்திருந்தது.

"என்னங்க, நான் பேசுறது கேட்குதா?"

"கேட்குது. இதப் பாரு. அஞ்சு வருஷம் தாங்கும்னு சொல்லிக் குடுத்தேன். எட்டு மாசத்துல ஒடிஞ்சிடுச்சு."

"மட்டமான கம்பியா இருக்கும்."

"கம்பி நல்ல கம்பிதான். அந்த மனுஷன் டிவி பார்க்கும்போதெல்லாம் நாக்கால இதைத் தள்ளித் தள்ளி விளையாடுவாராம். அவர் வீட்டம்மா இன்னைக்குச் சொன்னாங்க. நான் வாயை அளந்தேன், பல்லை அளந்தேன். ஆளைப் பார்க்கலை." கொக்கியைக் கீழே வைத்தார். "உன் குழாயை யாராவது பார்த்தாங்களா? கணக்கை விடு. கண்ணால."

"யாரும் பார்க்கலைன்னுதானே இவ்வளவு நேரமா கத்துறேன்," என்றாள். சொல்லி முடிக்கும்போதே, எடுத்த கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். ஒருவர் பார்த்திருந்தார். பார்த்ததாக எழுதியும் இருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, மின்னஞ்சலில் ஆமையின் பழைய கடிதங்களைத் தேடினாள். மூன்று கிடைத்தன. முதலாவது பதினோரு மாதத்துக்கு முந்தையது. 'மேடம் அவர்களுக்கு வணக்கம். நான் பக்கத்துல போற கேபிளைப் பார்க்கப் போன இடத்தில் தங்கள் குழாய் நாற்பத்தோராம் கிலோமீட்டர்ல கொஞ்சம் கண்ணில் பட்டது, அது எனக்கு என்னமோ சரியாகப் படலை...' என்று தொடங்கி, கப்பலில் அன்று மழை பெய்தது, ஒயரில் கோளாறு வந்தது என்று அரைப் பக்கம் அலைந்து, கடைசியில் ஒரு படத்தோடு முடிந்தது. அதற்கு அவள் அனுப்பிய பதிலும் அங்கேயே இருந்தது: 'அளவு இல்லாத படங்களை அனுப்ப வேண்டாம்.' மற்ற இரண்டு கடிதங்களையும் அவள் திறக்கவே இல்லை. திறக்காத கடிதத்தின் தடித்த எழுத்து இன்னும் அப்படியே கறுத்துக் கிடந்தது.

மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனாள். ஆமையின் அலுவலகம் ஒரு பழைய சரக்குப் பெட்டி. ஜன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டியிருந்தார்கள். ஆமை ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அவளைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லி, நாற்காலியைத் துடைத்து, அந்தத் துணியை மடித்து வைத்து, பிறகுதான் பேசினார்.

"மேடம் இவ்வளவு தூரம். போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேன்."

"அந்தக் கேபிள் வீடியோவைப் பார்க்கணும்."

பதினோரு மாதமாக அதை ஒரு தனி இடத்தில் எடுத்து வைத்திருந்தார் என்பது அவர் தேடாமல் திறந்த விதத்திலேயே தெரிந்தது.

திரையில் கலங்கிய பச்சை வெளிச்சம். மணல் துகள்கள் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன. பிறகு வலது ஓரத்தில் குழாய் வந்தது. சிப்பி மூடிய, கான்கிரீட் உறை போட்ட, தடித்த பழைய குழாய். அதன் கீழே மணல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மீன் கூட்டம் நிதானமாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது.

"அளவு இல்லைன்னு எழுதியிருந்தீங்க," என்றார் ஆமை. குரலில் குத்தல் இல்லை. "அப்புறம்தான் எனக்குத் தோணிச்சு மேடம். அளவு அதுலயே இருக்கு. இங்க பாருங்க, உறையில ஒரு பட்டை மாதிரி தெரியுதா. அது வெல்டு வச்ச இடம். பன்னெண்டு மீட்டருக்கு ஒண்ணு. குழாய் அப்படித்தானே துண்டு துண்டா வரும். நம்ம எண்ணிக்கிட்டே போகலாம். ரெண்டாவது கடிதத்துல அதைத்தான் எழுதினேன்."

எண்ணினார்கள். மணல் மேட்டிலிருந்து குழாய் விலகும் இடத்தில் ஒரு பட்டை. அடுத்தது. அடுத்தது. இன்னும் ஒன்று. அதற்கப்பாலும் இரண்டு மீட்டர் போன பிறகுதான் குழாய் மறுபடி மணலைத் தொட்டது. முப்பத்தெட்டு மீட்டர்.

பத்தொன்பதுக்கு இரண்டு மடங்கு.

"மூணாவது கடிதத்துல என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள்.

"அது ஆடுதுன்னு எழுதினேன்."

ரோபோ மணலில் உட்கார்ந்திருந்த ஒரு நிமிஷத்தைத் தேடிக் காட்டினார். காமிரா அசையவில்லை, குழாய் அசைந்தது. ஓட்டம் போகும் திசையில் நான்கு விரல் அளவு போய்ப் போய் வந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள, ஆமை எண்ணினார். நிமிஷத்துக்கு நாற்பது. வேக ஓட்டம் நாளைக்கு ஆறு மணி நேரம் என்றாலும் பதினாலாயிரத்து நானூறு அசைவு. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டரை லட்சம். கணக்கை அவள் பேனா எடுக்காமலே போட்டாள். போட்டதை நம்பாமல் இன்னொரு முறை போட்டாள்.

இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து முறையாகச் செய்தாள். அதிர்வுகள் தின்ற ஆயுளையெல்லாம் கூட்டினால் வருகிற எண் நூறைத் தொட்டால் குழாய் போயிற்று என்று பொருள். பாதுகாப்புக்காகப் பத்துக்கு மேல் போகவே விடக் கூடாது என்பது விதி. கோட்டின் அறிக்கையில் ஆறு. அவளுக்கு வந்தது எண்பத்திரண்டு.

வெள்ளிக்கிழமை பிஸ்கட்டின் மேஜையில் அந்த ஒற்றைத் தாளை வைத்தாள். கோட்டும் அங்கே இருந்தார். தாளைப் படித்துவிட்டு, "ஒரு வீடியோவை வச்சு இப்படியெல்லாம் முடிவுக்கு வர முடியாது," என்றார்.

"ஒரு டால்பினை வச்சு வரலாமா?"

பிஸ்கட் அவளோடு சண்டைக்கு வரவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்து, அடையாளச் சீட்டு ஒட்டியிருந்த பக்கத்தை விரித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார். இதற்கென்றே தயாராக இருந்திருக்கிறார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச மதிப்பீடு. நாற்பத்தோராம் கிலோமீட்டர், பத்தொன்பது மீட்டர், இன்னும் பத்து வருஷம் பயமில்லை. கீழே யார் கையெழுத்து?"

அவளுடையதுதான். அந்தப் பத்தொன்பதே அன்றைக்குப் பதினோரு வருஷப் பழைய அளவு. புதிதாக அளக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. மணல் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்றுகூட இப்போது நினைவில்லை. அந்த வாரம் வேறு யாரையோ முட்டாளாக்குவதில் மும்முரமாக இருந்திருப்பாள்.

"உங்க கணக்கை நம்பித்தான் இவரும் மேல எழுதியிருக்கார்," என்றார் பிஸ்கட். "இப்ப நீங்களே தப்புன்னு சொன்னா, முதல்ல தப்பு யாரோடது? எதுக்கு மேடம் வீணா. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு."

கோட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் பார்த்தார். முழுப் பூசணிக்காய், சோறு, இரண்டும் அவள் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தன. மறைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். "இவர் என்னோட தப்பைக் காப்பியடிச்சார். அதையும் ஒழுங்கா அடிக்கலை."

இருக்கைக்கு வந்து கடிதம் எழுதினாள். ஏழு வருஷத்துக்கு முன் தான் கொடுத்த சான்று தவறானது, அதை இன்றோடு திரும்பப் பெறுகிறேன் என்று நான்கு வரி. உரிமத் துறைக்கு ஒன்று, காப்பீட்டுக்காரர்களுக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று. சான்று இல்லாத குழாயில் எரிவாயு ஓட்ட முடியாது. அன்று மாலை நான்கு மணிக்கு அதை நிறுத்தினார்கள். தாழ்வாரத்தில் அவளைக் கடந்து போன எல்லோருக்கும் திடீரென்று போனில் அவசர வேலை வந்தது.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வேலை போகுமா?" என்றார்.

"தெரியலை."

"போனாப் போகட்டும். பிளாஸ்டர் கலக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

"உங்ககிட்ட வேலை பார்த்தா ரெண்டே நாள்ல உங்களுக்கும் ஒரு பேர் வச்சிடுவேன்."

"ஏற்கெனவே வச்சிருக்க. வெளிய சொல்லலை, அவ்வளவுதான்," என்றார் அவர்.

இல்லாத கப்பல் இரண்டே வாரத்தில் வந்தது. முக்குளிப்பவர்கள் தொங்கலின் ஓரத்தில் இருந்த வெல்டைச் சோதித்தார்கள். குழாயைச் சுற்றிக் கால்வாசி தூரத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. ஆழம் சுவரின் கனத்தில் பாதிக்கும் மேல். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து, அடியில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கித் தாங்கல் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். தக்க சமயத்தில் குழாயை நிறுத்திய துணிச்சலுக்காகப் பிஸ்கட்டுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் பேசும்போது பாதுகாப்பு தன் ரத்தத்தில் ஊறியது என்றார். விரிசல் எப்படி வந்தது, என்ன பாடம் கற்றோம் என்று விளக்கி ஓர் அறிக்கை எழுதும் வேலை கோட்டுக்கே போனது. அட்டைக்கு இந்த முறை என்ன மீனோ. அவளை வேலையை விட்டு அனுப்ப ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பயிற்சி பெறுகிறவர் எவரும் இல்லை. ஒரு வெள்ளைப் பலகையும் உலர்ந்த பேனாக்களும் இருந்தன.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. வெட்டி எடுத்த துண்டு ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. ஆய்வுக்காரி இளம்பெண், அதிகம் பேசாதவள். விரிசலைப் பிளந்து இரண்டு முகங்களாக மேஜையில் வைத்திருந்தாள். கரையில் அலை வந்து போன தடம்போல இரும்பில் வளைவு வளைவாகக் கோடுகள்.

"ஒவ்வொரு புயல் பருவத்துக்கும் ஒரு கோடு மேடம்," என்றாள் பூதக்கண்ணாடியைக் கொடுத்து. "அந்தச் சமயத்துல வேகமா வளரும், அப்புறம் நிதானமாகும். ஆறு இருக்கு. எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். ஆறு. அவள் கையெழுத்துப் போட்டு ஏழு வருஷம். அவள் 'பயமில்லை' என்று எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆன பிறகு, அந்தக் காகிதத்தைப் பற்றி எதுவும் தெரியாத இரும்பு, ஒரு ரோம அளவில் வாயைத் திறந்திருக்கிறது. பிஸ்கட்டின் மேடைப் பேச்சுக்குக்கூட இவ்வளவு அருவருப்பு அவளுக்கு வரவில்லை.

தன் கடைசிக் குறிப்பை அன்றே எழுதினாள். அதில் ஒரு வரி: 'இந்த நிலையை ரோபோ ஓட்டுநர் மூன்று முறை எழுத்தில் தெரிவித்தார். பொறுப்புப் பொறியாளரான நான் ஒன்றுக்கு ஏளனமாகப் பதில் எழுதினேன், மற்றவற்றைப் படிக்கவில்லை.'

பிஸ்கட் கூப்பிட்டார். "இந்த வரியை எடுத்துடுங்களேன் மேடம். படிக்க நல்லா இல்லை."

"செஞ்சதும் நல்லா இல்லை சார். இருக்கட்டும்."

அனுப்புவதற்கு முன் அதை ஆமையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் அவளுக்குப் பழக்கமில்லாதது. வாயில் பொருந்தாத பல்செட் மாதிரி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை சொல்லிவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் படித்தார். அவள் இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"திட்டினது ஒண்ணும் இல்லை மேடம்," என்றார் கடைசியில். "துறைமுகத்துல அதெல்லாம் காத்து மாதிரி. படிக்காம விட்டதுதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு." பிறகு தாளில் ஓர் இடத்தைத் தொட்டார். "இங்க ஒரு சின்னத் தப்பு இருக்கு. மூணு இல்லை, நாலு. போன புயலுக்கு முந்தின வாரம் இன்னொண்ணு போட்டேன். உங்களுக்கு வந்து சேரலையோ என்னவோ."

அவள் அங்கேயே போனில் தேடிப் பார்த்தாள். வந்து சேர்ந்திருந்தது. அழித்த கடிதங்களின் நடுவே கிடந்தது. பேனாவை வாங்கி, மூன்றை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாள்.